டிசம்பர் மாதத்தில் வீட்டுப் பாடங்களை நிறுத்துவதா, தொடர்வதா?

மூன்று பிள்ளைகளின் தாய் | நவம்பர் 10

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் பிள்ளைகளை வீட்டிலேயே படிக்கவைக்கத் தொடங்கி இது மூன்றாம் ஆண்டு. மூத்தவனுக்கு 13 வயது, அடுத்த மகளுக்கு 9, கடைக்குட்டிக்கு 5. கடந்த இரண்டு குளிர்கால விடுமுறைகளிலும் நேரெதிரான இரண்டு வழிகளைச் செய்துபார்த்து, இரண்டிலும் தோற்றுப்போனேன். ஆகவே மூன்றாவது டிசம்பர் வந்து நிற்பதற்கு முன்பே உங்களிடம் கேட்டுவிடலாம் என்று எழுதுகிறேன்.

முதல் ஆண்டு, நவம்பர் கடைசி வாரத்திலேயே புத்தகங்களையெல்லாம் அடுக்கி மூடிவைத்தோம். நிறைவான மாதமாகத்தான் இருந்தது. ஆனால் ஜனவரி இரண்டாம் வாரம் மறுபடியும் உட்கார்ந்தபோது, அப்போது 7 வயதாயிருந்த மகள் கடன் வாங்கிக் கழிப்பதை அறவே மறந்திருந்தாள். மூத்தவனுக்கோ அரை மணி நேரம் ஓரிடத்தில் உட்காரும் பழக்கமே விட்டுப்போயிருந்தது. பிப்ரவரி பாதிவரை புதிதாக எதையும் கற்பிக்க முடியாமல் பழையதையே மீட்டுக்கொண்டிருந்தோம். இரண்டாம் ஆண்டு அந்தப் பயத்தில் ஒரு பாடத்தையும் விடவில்லை. வழக்கமான அட்டவணைக்கு மேல் தினமும் அட்வெந்து தியானம் (கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு முந்திய காத்திருப்புக் காலத்துக்கு உரியது), சபையில் நடக்கும் பிறப்பு நாடகத்துக்கான ஒத்திகை, உறவினர் வருகை என்று ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றிக்கொண்டே போனேன். டிசம்பர் 20 அன்று, ‘பூமியிலே சமாதானம்’ என்ற தலைப்பில் கட்டுரை எழுத மறுத்த மகளிடம் வீடு அதிரும்படி கத்தினேன். என்ன தலைப்புக்காகக் கத்துகிறேன் என்பது பாதியிலேயே எனக்கு உறைத்தது. ஆனாலும் நிறுத்த முடியவில்லை.

இரண்டுக்கும் இடைப்பட்ட வழி ஒன்று உங்கள் வீடுகளில் இருக்கிறதா? வயது வித்தியாசம் அதிகமுள்ள பிள்ளைகளை வைத்துக்கொண்டு அதை எப்படி நடத்துகிறீர்கள்?

இருபதாண்டு வீட்டாசிரியை | நவம்பர் 10

சகோதரி, நீங்கள் தோற்கவில்லை. கணக்கைத் தவறான மாதத்தில் போட்டிருக்கிறீர்கள், அவ்வளவுதான். டிசம்பரில் எவ்வளவு விடலாம் என்பதை டிசம்பரில் யோசித்தால் குற்றவுணர்ச்சிதான் மிஞ்சும். அதை ஆண்டின் தொடக்கத்திலேயே முடிவுசெய்துவிட வேண்டும்.

எங்கள் வீட்டில் ஆறு வாரம் படிப்பு, ஏழாம் வாரம் ஓய்வு என்ற முறையைப் பல ஆண்டுகளாகக் கடைப்பிடித்தோம். ஓராண்டின் 52 வாரங்களில் இப்படி ஏழு சுற்றுகள் அடங்கும். அதாவது 42 படிப்பு வாரங்கள், 7 ஓய்வு வாரங்கள், மீதி 3 வாரங்கள். வாரத்துக்கு ஐந்து நாள் என்றால் 210 நாட்கள் ஆகின்றன. உங்கள் இலக்கு 180 நாட்கள் என்று வைத்துக்கொண்டால் 30 நாட்கள் கையிருப்பில் நிற்கின்றன. அந்த முப்பதை நோய்க்கும் விருந்தாளிகளுக்கும் டிசம்பருக்கும் நாம் விரும்பியபடி பங்கிடலாம். வாரத்துக்கு நான்கு நாட்களே படிப்பவர்கள் 45 வாரம் படித்தாலும் அதே 180 வந்துவிடும்.

அப்படி எடுத்துவைத்த நாட்களையும் நான் முழுதாக விட்டுவிடுவதில்லை. கணக்கு 20 நிமிடம், சத்தமாக வாசிப்பது 20 நிமிடம். இவை இரண்டு மட்டும் டிசம்பர் 23 வரை நிற்காது. மற்றப் பாடங்களை மனச்சாட்சி உறுத்தாமல் அலமாரியில் வைத்துவிடுவேன். வரலாறும் அறிவியலும் ஒரு மாதம் காத்திருக்கும். வாய்பாடு காத்திருக்காது, அது கை மறந்த வேலையைப் போல நழுவிப்போகும். உங்கள் மகளுக்கு நேர்ந்தது அதுதான்.

வேத வாசிப்புக்கு எளிய வழி ஒன்று இருக்கிறது. லூக்கா சுவிசேஷத்தில் 24 அதிகாரங்கள் உள்ளன. டிசம்பர் 1 அன்று தொடங்கி நாளுக்கு ஓர் அதிகாரம் வாசித்தால் 24-ஆம் தேதி முடிந்துவிடும். இதில் ஒரு சிக்கல் உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன். முதல் அதிகாரத்திலேயே 80 வசனங்கள் இருப்பதால் 5 வயதுப் பிள்ளை முதல் நாளே நெளியத் தொடங்கிவிடும். அதைச் சகரியாவின் பகுதி, மரியாளின் பகுதி என்று பிரித்துக்கொள்ளலாம். பிறப்பின் கதை இரண்டாம் நாளிலேயே முடிந்துவிடுகிறதே என்று சிலர் குறைப்படுவார்கள். எனக்கு அதுவே சரியாகப் பட்டது. முன்னணையில் கிடத்தப்பட்டவர் யாராக வளர்ந்தார் என்பதைப் பிள்ளைகள் முழுதாகக் கேட்டபின், கடைசி இரவில் இரண்டாம் அதிகாரத்துக்குத் திரும்பி வந்து வாசிக்கும்போது, அதே வசனங்கள் வேறு கனத்தோடு ஒலிக்கும்.

கணக்குத் தந்தை | நவம்பர் 11

வீட்டாசிரியை அம்மா சொன்ன கணக்கோடு உடன்படுகிறேன். அறிவியலை அலமாரியில் வைக்கச் சொன்னதோடு மட்டும் உடன்பட மாட்டேன். ஆண்டில் வானமே பாடப்புத்தகமாக விரிந்துகிடக்கும் மாதம் டிசம்பர்தான். அதற்குப் பயிற்சிப் புத்தகமும் வேண்டாம், மேசையும் வேண்டாம்.

ஒரு குச்சியைச் சமதரையில் செங்குத்தாக நட்டு, வாரம் ஒருமுறை நண்பகல் நிழலின் நீளத்தை அளந்து எழுதிவைத்தால் போதும். வட அரைக்கோளத்தில் டிசம்பர் 21 அல்லது 22 வரை நிழல் நீண்டுகொண்டே போய், பிறகு குறையத் தொடங்குவதைப் பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள். பூமியின் அச்சு சுமார் 23.4 பாகை சாய்ந்திருப்பதை அதன்பின் சொன்னால் அது மனப்பாடச் செய்தியாக இராது. மூத்த பிள்ளைக்கு இன்னும் இரண்டு புதிர்கள் உண்டு. முதலாவது, பூமி சூரியனுக்கு மிக அருகில் வருவது ஜனவரி முதல் வாரத்தில். அப்போது தொலைவு ஏறக்குறைய 14.7 கோடி கிலோமீட்டர், ஜூலையிலோ 15.2 கோடி. அருகில் இருக்கும்போது ஏன் குளிர்காலம்? இரண்டாவது, நடு அகலக்கோடுகளில் ஆண்டிலேயே மிகக் குறுகிய பகல் டிசம்பர் 21-ஐ ஒட்டி வந்தாலும், சூரியன் மிகச் சீக்கிரமாக மறைவது அதற்கு முன்பே, டிசம்பர் முற்பகுதியில் நிகழ்ந்துவிடுகிறது. மிகத் தாமதமாக உதிப்பதோ ஜனவரியில். இதற்குக் காரணம் கேட்டால் பல பெரியவர்களே திணறுவார்கள். பூமியின் பாதை நீள்வட்டமாக இருப்பதும் அச்சு சாய்ந்திருப்பதும் சேர்ந்து, நம் கடிகார நண்பகலையும் சூரியன் உச்சிக்கு வரும் நேரத்தையும் விலக்கிவிடுகின்றன. 13 வயதுப் பையனுக்கு ஒரு மாதம் மென்று தின்ன இது போதும்.

பனி விழும் இடத்தில் இருப்பவர்களுக்கு இன்னொன்று. பனித்துகளுக்கு ஏன் எப்போதும் ஆறு மூலைகள் என்ற கேள்வியை, யோகான்னஸ் கெப்ளர் 1611-இல் தம் புரவலருக்குப் புத்தாண்டுப் பரிசாக ஒரு சிறு நூலாகவே எழுதிக்கொடுத்தார். அவரால் முழு விடை காண முடியவில்லை. நீர் மூலக்கூறுகள் உறையும்போது அறுகோணமாக அடுக்கப்படுவது பல நூற்றாண்டுகளுக்குப் பிறகே தெரிந்தது. விடை தெரியாமலே ஒரு கேள்வியைப் பரிசாகக் கொடுக்கலாம் என்பது என் பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்துப்போயிற்று.

இயேசு பிறந்தபோது கிழக்கிலிருந்து வந்த சாஸ்திரிகளுக்கு, அதாவது ஞானிகளுக்கு, வழிகாட்டியதாக மத்தேயு சுவிசேஷம் சொல்லும் பெத்லகேம் நட்சத்திரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. கி.மு. 7-இல் வியாழனும் சனியும் ஒரே ஆண்டில் மூன்று முறை நெருங்கிவந்தது உண்மை; 2020 டிசம்பர் 21 அன்று அவை பாகையில் பத்தில் ஒரு பங்கு இடைவெளியில் நின்றதை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். ஆயினும் இதுதான் அந்த நட்சத்திரம் என்று பிள்ளைகளுக்கு அடித்துச் சொல்லாதீர்கள். கோள்களின் நெருக்கம் ஒரு வீட்டின் மேல் வந்து நிற்காது. மத்தேயு சொல்வதை மத்தேயு சொல்வதாகவும், வானியல் சொல்வதை வானியல் சொல்வதாகவும் வைப்பதே நேர்மை.

தெற்கு அரைக்கோளத்து வாசகி | நவம்பர் 11

இந்த இழையின் தலைப்பிலேயே குளிர்காலம் இல்லாமலிருப்பது எனக்குக் கொஞ்சம் ஆறுதல், ஏனெனில் எங்களுக்கு டிசம்பர் நடுக்கோடை. கணக்குத் தந்தை சொன்ன குச்சியை நாங்களும் நடுகிறோம். எங்கள் நிழல் அப்போதுதான் ஆண்டிலேயே மிகக் குறுகி நிற்கிறது. கல்வி ஆண்டே டிசம்பரில் முடிந்துவிடுவதால் நிறுத்துவதா தொடர்வதா என்ற கேள்வியே எங்களுக்கு எழுவதில்லை. ஆனால் வீட்டுக்கல்விப் பாடத்தொகுப்புகள் பெரும்பாலும் வடக்கே எழுதப்படுவதால், டிசம்பர்ப் பக்கங்கள் முழுவதும் பனியும் கம்பளி உடையும்தான். ‘இயேசு பிறந்தபோது பனி பெய்ததா?’ என்று மகன் கேட்டான். வேதத்தில் தேடிப் பார்க்கச் சொன்னேன். மேய்ப்பர்கள் இரவில் வயல்வெளியில் தங்கியிருந்தார்கள் என்பதைத் தவிர, காலநிலையைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை என்று அவனே கண்டுபிடித்தான். அந்த ஆண்டின் சிறந்த வேதபாடம் அதுவாகத்தான் இருந்தது.

கத்தோலிக்க இல்லம் | நவம்பர் 12

எல்லோரும் டிசம்பர் 25-ஐ முடிவுநாளாக வைத்துப் பேசுவதால் இதை எழுதத் தோன்றுகிறது. எங்கள் திருவழிபாட்டு நாட்காட்டியில் அன்றுதான் விழாக்காலம் தொடங்குகிறது. அதற்கு முந்திய திருவருகைக்காலம் காத்திருப்பதற்கும் மனம் திரும்புவதற்கும் உரியது. நவம்பர் 27-க்கும் டிசம்பர் 3-க்கும் இடைப்பட்ட ஞாயிறு எதுவோ அன்று அது தொடங்குவதால், ஆண்டுக்கு ஆண்டு 22 முதல் 28 நாட்கள் வரை நீளம் மாறும். இந்த வரிசையை அப்படியே ஏற்றுக்கொண்டால் பாடத்திட்டத்தின் சிக்கலில் பாதி தானே அவிழ்ந்துவிடுகிறது. திருவருகைக்காலம் முழுவதும் குறைந்த அளவில் பாடம் நடக்கும்; 24 மாலையிலிருந்து ஜனவரி 6, திருக்காட்சிப் பெருவிழாவரை ஒரு புத்தகத்தையும் தொட மாட்டோம். ஊரெல்லாம் 26-ஆம் தேதியே அலங்காரத்தைக் கழற்றும்போது எங்கள் பிள்ளைகளுக்குப் பன்னிரண்டு நாள் விழா மீதமிருக்கிறது என்பதில் அவர்களுக்குத் தனிப் பெருமை உண்டு.

சின்னவர்களுக்கு நாட்களை எண்ணக் கற்பிக்கத் திருவருகைக்கால வளையத்தைவிடச் சிறந்த கருவி எனக்குத் தெரியாது. இதை எங்கள் திருச்சபையின் பழைய மரபு என்றே நான் நெடுங்காலம் நம்பியிருந்தேன். உண்மையில் அதைத் தொடங்கியவர் யோகான் ஹின்ரிக் விஷெர்ன் என்னும் லூத்தரன் போதகர். 1839-இல் ஹாம்பர்க் நகரில் அவர் நடத்திய இல்லத்து ஏழைப் பிள்ளைகள், கிறிஸ்து பிறப்பு நாள் எப்போது வரும் என்று நாள்தோறும் கேட்டுத் துளைத்ததால், ஒரு வண்டிச்சக்கரத்தில் ஞாயிறுகளுக்கு நான்கு பெரிய வெள்ளை மெழுகுவத்திகளையும் மற்ற நாட்களுக்குச் சிறிய சிவப்பு மெழுகுவத்திகளையும் வைத்தார். பிரிந்த சகோதரர்களிடம் கடன் வாங்கியதை நன்றியோடு ஒப்புக்கொள்கிறேன்.

மூத்த பிள்ளைகளுக்கு டிசம்பர் 17 முதல் 23 வரை மாலைச் செபத்தில் பாடப்படும் ஏழு முன்மொழிகளைப் பரிந்துரைப்பேன். ஒவ்வொன்றும் ‘ஓ’ என்று விளித்து, மெசியாவை ஒரு பழைய ஏற்பாட்டுப் பெயரால் அழைக்கிறது: ஞானமே, ஆண்டவரே, ஈசாயின் வேரே, தாவீதின் திறவுகோலே, விடியலே, மக்களினங்களின் அரசரே, இம்மானுவேலே. இலத்தீனில் இந்தப் பெயர்களின் முதல் எழுத்துகளைக் கடைசியிலிருந்து படித்தால் ‘ஏரோ க்ராஸ்’, அதாவது ‘நாளை வருவேன்’ என்று வரும். என் மகன் இலத்தீன் கற்க இசைந்தது இந்த ஒரு வேடிக்கைக்காகத்தான்.

மூன்று பிள்ளைகளின் தாய் | நவம்பர் 12

இவ்வளவு பேர் இவ்வளவு விரிவாக எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. மிக்க நன்றி. கணக்கும் வாசிப்பும் மட்டும் என்ற யோசனையைக் கணவரிடம் சொன்னேன். அவர் முகத்தில் தெரிந்த நிம்மதியைப் பார்த்தபோதுதான், போன டிசம்பரில் அவர் என்ன பாடு பட்டிருப்பார் என்பது புரிந்தது.

முதல் பதிவில் எழுதத் தயங்கிய ஒன்றை இப்போது கேட்கிறேன். டிசம்பர் 25-இல்தான் இயேசு பிறந்தார் என்பதற்கு என்ன ஆதாரம், அது சூரிய வணக்கக்காரர்களின் பண்டிகையாமே என்று மூத்தவன் கேட்டான். அதெல்லாம் அப்புறம் பேசலாம் என்று தட்டிக்கழித்துவிட்டேன். அந்த ‘அப்புறம்’ இன்னும் வரவில்லை.

சரித்திரம் வாசிப்பவர் | நவம்பர் 13

அது இந்த மாதமே வரட்டும், சகோதரி. 13 வயதில் ஒரு பையன் இந்தக் கேள்வியைத் தாயிடம் கேட்கிறான் என்றால், வேறிடத்தில் விடை தேடுவதற்கு முன் உங்களிடம் வந்திருக்கிறான் என்று பொருள்.

சொல்லவேண்டியது இவ்வளவுதான். நான்கு சுவிசேஷங்களிலும் பிறந்த தேதி இல்லை. டிசம்பர் 25-ஐக் குறிப்பிடும் மிகப் பழைய உரோமைச் சான்று கி.பி. 354-இல் தொகுக்கப்பட்ட ஒரு நாட்காட்டியில் இருக்கிறது. அதிலுள்ள செய்தி 336 அளவிலேயே எழுதப்பட்டது என்பர். ஏன் அந்த நாள் என்பதற்கு அறிஞர் இரண்டு விளக்கங்கள் தருகின்றனர். வெல்லப்படாத சூரியனுக்கு உரோமர் எடுத்த விழாவுக்கு மாற்றாகத் திருச்சபை இதை வைத்தது என்பது ஒன்று. இயேசு கருவில் உருவானதும் மரித்ததும் ஒரே தேதியில், மார்ச் 25-இல் என்று பழங்காலக் கிறிஸ்தவர்கள் சிலர் கணித்தார்கள், அதிலிருந்து ஒன்பது மாதம் எண்ணினால் டிசம்பர் 25 வருகிறது என்பது மற்றொன்று. இரண்டுக்கும் ஆதரவாளர் உண்டு; முற்றிலும் தீர்ந்த வழக்கு அல்ல.

ஆண்டும் அப்படித்தான். இன்று உலகம் எண்ணும் ஆண்டுக் கணக்கை 525-இல் டயோனீசியஸ் எக்சிகுவஸ் என்ற துறவி வகுத்தார். ஆனால் இயேசு பிறந்தபோது யூதேயாவை ஆண்டதாக மத்தேயு சொல்லும் ஏரோது அரசன் கி.மு. 4-இல் இறந்தான் என்பதே பெரும்பாலோர் கருத்து. ஆகவே கிறிஸ்து பிறந்தது ‘கிறிஸ்துவுக்கு முன்’ என்ற விநோதம் நேர்கிறது. பையன்கள் இதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரிப்பார்கள். போப் பதின்மூன்றாம் கிரகோரி 1582-இல் நாட்காட்டியைத் திருத்தியபோது அக்டோபர் 4-க்கு மறுநாள் 15 ஆனதையும், பழைய யூலியன் கணக்கை விடாத ஆர்த்தடாக்ஸ் சபைகள் இன்று ஜனவரி 7-இல் கொண்டாடுவதையும் இதோடு சேர்த்துச் சொல்லலாம். இரண்டு நாட்காட்டிகளுக்கும் இப்போது 13 நாள் வித்தியாசம். ஏன் 13 என்று அவனையே கணக்குப் போடச் சொல்லுங்கள்.

இன்னொரு பயிற்சி. ஒரு தாளை இரண்டாக மடித்து, ஒரு பக்கம் மத்தேயு 1, 2 அதிகாரங்களில் உள்ளவற்றையும் மறுபக்கம் லூக்கா 1, 2 அதிகாரங்களில் உள்ளவற்றையும் எழுதச் சொல்லுங்கள். மேய்ப்பர் ஒரு பக்கம், சாஸ்திரிகள் மறுபக்கம் வருவார்கள். சாஸ்திரிகள் மூவர் என்று மத்தேயு எங்கும் சொல்லவில்லை, காணிக்கைதான் மூன்று. அவர்கள் நுழைந்ததும் ஒரு வீட்டுக்குள். நாடக மேடைகளில் நாம் பார்த்துப் பழகிய காட்சி இரண்டு நூல்களையும் ஒன்றாகத் தைத்தது என்பது அவனுக்கே விளங்கிவிடும். இதனால் விசுவாசம் குலையுமோ என்று அஞ்சாதீர்கள். மறைத்ததைப் பிறர் வாயால் கேட்கும்போதுதான், இன்னும் எதையெல்லாம் மறைத்தார்களோ என்ற ஐயம் பிள்ளைக்கு எழுகிறது.

நாட்களை விசேஷிக்காத குடும்பம் | நவம்பர் 14

எங்கள் சபையார் கிறிஸ்து பிறப்பு நாளைக் கொண்டாடுவதில்லை. வேதத்தில் கட்டளை இல்லாத பண்டிகை என்பதே காரணம். இது புதிய நிலைப்பாடும் அன்று. இங்கிலாந்தில் பியூரிட்டன்கள் என்னும் கண்டிப்பான சீர்திருத்தக் கிறிஸ்தவர்கள் கையோங்கியிருந்தபோது 1647-இல் பாராளுமன்றமே இந்தக் கொண்டாட்டத்தை நிறுத்தியது. மாசசூசெட்ஸ் குடியேற்றத்தில் 1659 முதல் 1681 வரை கொண்டாடியவருக்கு ஐந்து ஷில்லிங் அபராதம் இருந்தது.

ஆனாலும் டிசம்பர் எங்களுக்கும் சாதாரண மாதமாக இருப்பதில்லை. வாரந்தோறும் சந்திக்கும் வீட்டுக்கல்விக் குழுவின் கூடுகை நான்கு வாரம் நின்றுவிடுகிறது, நூலகம் மூடுகிறது, உறவினர் வருகிறார்கள். எல்லோரும் எதையோ எதிர்பார்த்திருக்கும்போது தாங்கள் மட்டும் பின்னக் கணக்குப் போட்டுக்கொண்டிருப்பதைப் பிள்ளைகள் உணராமல் இருப்பார்களா? தொடக்கத்தில் பிடிவாதமாகப் பாடம் நடத்தினோம். பிறகு, பண்டிகைக்காக அல்ல, பிள்ளைகளுக்காக அந்த வாரத்தை ஓய்வாக அறிவித்தோம். ரோமர் 14-ஆம் அதிகாரத்தை அந்த வாரம் சேர்ந்து வாசிக்கிறோம். நாளை விசேஷிக்கிறவனும் விசேஷிக்காதவனும் ஒருவரையொருவர் குற்றவாளியாகத் தீர்க்கக் கூடாது என்பதை, பாட்டி வீட்டு வாசலில் நிற்கும்போது பிள்ளைகள் கைக்கொள்ள வேண்டியிருக்கிறது; அதைவிடக் கடினமான தேர்வை நான் வைத்ததில்லை.

மட்டுறுத்துநர் | நவம்பர் 14

கொண்டாடலாமா கூடாதா என்ற விவாதத்துக்குத் தனி இழை இருக்கிறது. மேலுள்ள பதிவு பாடம் நடத்துவதைப் பற்றியது என்பதால் விடப்படுகிறது. இதைத் தொடர்ந்து வந்த ஆறு மறுமொழிகள் அங்கே நகர்த்தப்பட்டுள்ளன.

வீட்டில் படித்து வளர்ந்தவள் | நவம்பர் 16

பெற்றோர் பேசும் இடத்தில் நுழைவதற்கு மன்னியுங்கள். நான் பள்ளிக்கே போகாமல் 17 வயதுவரை அம்மாவிடம் படித்தவள். இங்கே சொல்லப்பட்ட யோசனைகளில் ஏறத்தாழ எல்லாவற்றையும் என் அம்மா செய்தார்கள். அவற்றால் நான் பெற்றது மிக அதிகம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அடுத்துச் சொல்வது நன்றிகெட்ட பேச்சாகத் தோன்றக்கூடும்.

என் அம்மாவுக்கு எதையும் வீணாக்கப் பிடிக்காது. ஒரு பாட்டைப் பாடினால் அதன் வரலாறு ஒரு பக்கம் எழுத வேண்டும். ‘ஸ்டில்லே நாக்ட்’ என்ற அந்த அமைதியான இரவுப் பாடல் 1818-இல் ஆஸ்திரியாவின் ஓபெர்ன்டோர்ஃப் என்ற ஊரில் கிட்டார் இசையோடு முதலில் பாடப்பட்டது, சொற்கள் யோசேப் மோர், இசை பிரான்ஸ் சேவர் குரூபர் என்று இன்றும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அந்தப் பாடலை இருட்டில் அமர்ந்து, எதுவும் நினைக்காமல் பாடிய ஞாபகம் மட்டும் எனக்கு ஒரே ஒருமுறைதான் இருக்கிறது.

அது எனக்கு 11 வயதான டிசம்பர். அம்மா நோயில் படுத்துவிட்டார்கள். பாடம், பயிற்சித்தாள், கைவேலை எல்லாம் நின்றுபோயின. அப்பாவுக்குக் கற்பிக்கத் தெரியாது. மாலையில் வந்து விளக்கைக் குறைத்துவைத்து, ஓர் அதிகாரத்தைத் தட்டுத்தடுமாறி வாசித்துவிட்டு எழுந்துபோய்விடுவார். வாசித்து முடித்தபின் யாரும் கேள்வி கேட்காத முதல் மாதம் அது. கன்னி மரியாள் இந்தச் சங்கதிகளையெல்லாம் தன் இருதயத்திலே வைத்துச் சிந்தனைபண்ணினாள் என்று லூக்கா எழுதியிருப்பதை அதுவரை எத்தனையோ முறை ஒப்பித்திருந்தேன். அந்த மாதம்தான் எனக்கும் அப்படி வைத்துக்கொள்ள ஒன்று கிடைத்தது.

கேள்வி கேட்காதீர்கள் என்று சொல்லவில்லை. கேட்கப்படாத சிலவற்றை மாதத்தில் விட்டுவையுங்கள் என்றுதான் கேட்கிறேன். இன்னொன்றும் உண்டு. பள்ளிப் பிள்ளைகளுக்கு அந்த மாதத்தில் மேடை இருக்கிறது, கூட்டமாகப் பாடுவதற்கு ஆள் இருக்கிறது, விடுமுறை விடப்படும் கடைசி மணியின் ஆரவாரம் இருக்கிறது. வீட்டில் படிக்கும் பிள்ளைக்கு அந்த மணி அடிப்பதே இல்லை. எங்களுக்கு விடுமுறை எப்போது தொடங்கியது என்றே தெரியாது. ஒருநாள் அம்மா களைத்துப்போய்ப் புத்தகத்தை மூடுவார்கள். தயவுசெய்து ஒரு மணியையாவது அடித்துத் தொடங்கிவையுங்கள்.

இருபதாண்டு வீட்டாசிரியை | நவம்பர் 16

இதைப் படித்துவிட்டு வெகுநேரம் எழுதாமல் இருந்தேன். சார்லட் மேசன் என்ற ஆங்கிலேயக் கல்வியாளரின் வழியைப் பின்பற்றுபவள் நான். கேட்டதைப் பிள்ளை தன் சொற்களில் திரும்பச் சொல்ல வேண்டும் என்பது அந்த முறையின் உயிர். அதைக் கைவிட மாட்டேன். ஆனால் பாட மேசையில் செய்யவேண்டியதை இரவு விளக்கருகிலும் செய்தேனா என்று என்னையே கேட்டுக்கொண்டால், செய்தேன் என்பதுதான் விடை. என் பிள்ளைகள் இப்போது பெரியவர்கள்; கேட்டுப் பார்க்கிறேன்.

நாட்குறிப்பு எழுதும் தாய் | நவம்பர் 17

நடைமுறைக் கேள்வி ஒன்று. எங்கள் பகுதியில் வீட்டுக்கல்விக் குடும்பங்கள் படித்த மணிநேரத்தைப் பதிவுசெய்து காட்ட வேண்டும். சபைப் பாடகர் குழுவில் ஒத்திகைக்குப் போன நேரத்தை இசை என்றும், முதியோர் இல்லத்துக்குச் சென்றதைச் சமூகக் கல்வி என்றும் எழுதலாமா?

கணக்குத் தந்தை | நவம்பர் 17

ஒத்திகையைத் தாராளமாக எழுதலாம். பள்ளியிலும் அதை இசைவகுப்பாகத்தானே எண்ணுகிறார்கள். விதி என்ன சொல்கிறதோ அதை ஒருமுறை முழுமையாக வாசித்துவிடுங்கள், ஏனெனில் சில இடங்களில் நாட்களை எண்ணுவார்கள், சில இடங்களில் மணிகளை, வேறு சில இடங்களில் இரண்டையும் எண்ண மாட்டார்கள். முதியோர் இல்லத்துக்குச் சென்றதை மட்டும் நான் எழுதியதில்லை. விதி தடுக்கிறது என்பதால் அல்ல. ஒருமுறை எழுத உட்கார்ந்தபோது, ‘அப்பா, அந்தத் தாத்தாவோடு பேசியது எத்தனை மணி என்று போடுவீர்கள்?’ என்று மகள் கேட்டாள், அன்றோடு விட்டுவிட்டேன்.

இதே மூச்சில் தந்தையருக்கும் ஒன்று. ஆண்டு முழுவதும் வீட்டில் பாடம் நடத்துபவர் பெரும்பாலும் மனைவிதான். அலுவலகம் மூடியிருக்கும் அந்த ஒரு வாரத்தில் நாமும் விடுமுறை, பிள்ளைகளும் விடுமுறை. அவருக்கு மட்டும் வேலை இரட்டிப்பாகிறது. டிசம்பரில் அந்த 20 நிமிடக் கணக்கை நான் எடுத்துக்கொண்டேன். முதல் மூன்று நாள் பிள்ளைகள் அழுதார்கள், நான்காம் நாள் நான் அழாத குறை. அதன்பின் ஆண்டு முழுவதற்கும் அந்த ஒரு பாடம் என்னிடமே தங்கிவிட்டது.

பெயர் சொல்ல விரும்பாதவர் | நவம்பர் 19

இந்த ஆண்டு எங்கள் வீட்டில் ஒருவர் குறைந்துவிட்டார். பாடம் நடத்தவும் முடியவில்லை, கொண்டாடவும் மனமில்லை. மேலே ஒரு சகோதரி எழுதிய, விளக்கைக் குறைத்துவைத்து வாசிக்கும் வழியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கத்தோலிக்க இல்லம் | நவம்பர் 19

அது போதும், சகோதரரே அல்லது சகோதரியே. டிசம்பர் 28-இல் நாங்கள் நினைவுகூர்வது, ஏரோதினால் கொல்லப்பட்ட பெத்லகேமின் குழந்தைகளை. விழாவின் நான்காம் நாளிலேயே அழுகிற தாய்மாருக்கு இடம் வைத்திருக்கிறார்கள். உங்கள் வீட்டை எங்கள் செபத்தில் வைத்துக்கொள்கிறோம்.

மூன்று பிள்ளைகளின் தாய் | ஜனவரி 9

கேட்டுவிட்டு மறைந்துபோனவளாக இருக்கக் கூடாது என்பதற்காக, நடந்ததை எழுதிவைக்கிறேன்.

டிசம்பர் 1 முதல் கணக்கும் வாசிப்பும் மட்டும் வைத்துக்கொண்டோம். கணக்கைக் கணவர் எடுத்துக்கொண்டார். இங்கே எச்சரிக்கப்பட்டபடியே மூன்றாம் நாள் அழுகை நடந்தது. நிழல் அளக்கும் குச்சியைக் கடைக்குட்டி இரண்டுமுறை பிடுங்கி விளையாடியதால், எங்கள் அளவுகளின்படி சூரியன் டிசம்பர் 12 அன்று திடீரென்று பின்வாங்கியிருக்கிறது. மத்தேயு, லூக்கா தாளை மூத்தவன் தானே இரண்டு நாள் உட்கார்ந்து நிரப்பினான். தேதியைப் பற்றிய எல்லாவற்றையும் சொன்னேன். ‘அப்படியானால் நாம் ஏன் 25-இல் கொண்டாடுகிறோம்?’ என்றான். ‘பிறந்தார் என்பதற்காக, ஒருநாளை ஏற்படுத்தாவிட்டால் நாம் ஒருநாளும் நினைக்க மாட்டோம்’ என்றேன். அதை அவன் ஏற்றுக்கொண்டானா என்று தெரியவில்லை, யோசித்துக்கொண்டிருக்கிறான்.

23-ஆம் தேதி மாலை, மகள் கையில் ஒரு மணியைக் கொடுத்து, வீடு முழுவதும் ஓடி அடிக்கச் சொன்னேன். அடுத்த பதினைந்து நாளும் அவள் அதைக் கீழே வைக்கவில்லை. அதை யோசனையாகச் சொன்ன சகோதரி ஒருநாள் எங்கள் வீட்டில் வந்து தங்கிப் பார்க்க வேண்டும்.

லூக்காவை முடிக்கவில்லை. நடுவில் இரண்டு பேருக்குக் காய்ச்சல் வந்ததாலும், விளக்கருகில் கேள்வி கேட்காமல் இருக்க நான் தீர்மானித்தபின் பிள்ளைகள் கேள்வி கேட்கத் தொடங்கியதாலும், 17-ஆம் அதிகாரத்தோடு நின்றுவிட்டோம். 24 இரவு மட்டும் இரண்டாம் அதிகாரத்துக்குத் திரும்பினோம். நேற்று முன்தினம் பாடங்களை மறுபடியும் திறந்தபோது மகளுக்கு எட்டாம் வாய்பாடு மட்டும் இடையில் தட்டியது. இன்று காலை சரியாகச் சொல்லிவிட்டாள். 18-ஆம் அதிகாரத்தை இன்று இரவு வாசிக்கிறோம்.